கிட்டாரின் பத்தர் எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பில் தேவாலயக் குழுக்களிலும் கல்யாண வீட்டு இசைக்குழுக்களிலும் வாசிக்கும் பொடியன்களோடு பேசும்போது ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "எந்தக் கிட்டார் வாங்கலாம்?" வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ சித்தியோ அனுப்பிய காசு முழுவதும் மின்கிட்டாருக்கே போய்விடும். அம்ப் வாங்க மிச்சம் இருக்காது. திருவிழாவுக்கு வந்த சவுண்ட் செட்டில் நேராகச் செருகினால் தகரத்தில் ஆணியால் கீறுவது போலக் கேட்கும். கிட்டார்தான் சரியில்லை என்று அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். பல வேளைகளில் அந்தக் கிட்டாரில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் குறைவு. யுத்த காலத்தில் பற்றரியும் வயரும் சுமந்துகொண்டு சோதனைச்சாவடி கடப்பது எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு தலைமுறைக்கு மின்கருவிகளோடு பழகும் வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் இன்றைய பொடியனுக்கு ஆசான் கைபேசித் திரைதான். அது முதலில் சொல்லித் தருவது எதை வாங்குவது என்பதையே. ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது பின்னால்தான் வரும், வந்தால்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. பழந்தமிழர் யாழின் உறுப்புகளில் ஒன்று பத்தர். நரம்பு தனியே அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. பத்தர் என்ற குடுவை அந்த அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. யாழின் குரலுக்குக் கனத்தையும் அதுவே தருகிறது. வீணைக்குக் குடம் இருப்பதும் சாதாரணக் கிட்டாருக்கு வயிறு இருப்பதும் அதற்காகவே. மின்கிட்டாரை எடுத்துப் பாருங்கள், அது வெறும் பலகை. அதன் பத்தர் வயரின் மறுமுனையில், அம்ப் பெட்டிக்குள் இருக்கிறது. கிட்டாரை மட்டும் வாங்கியவர் பாதி வாத்தியத்தையே வாங்கியிருக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த வயர் தொடங்கும் இடம் பிக்கப். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்களுக்குப் பிக்கப்பை விளக்குவது லேசு. டைனமோவுக்குள் கம்பிச்சுருளின் நடுவே காந்தம் சுழல்கிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பிக்கப்பிலும் காந்தமும் சுருளும்தான் உண்டு, ஆனால் இரண்டும் அசையாமல் இருக்கின்றன. அசைவது மேலேயுள்ள உருக்குத் தந்தி. காந்தம் தனக்கு மேலிருக்கும் தந்தியையும் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைய, அதே தாளத்தில் ஒரு சிறு மின்னோட்டம் எழுகிறது. நைலோன் தந்தியில் இது நடக்காது. பாடகர் பிக்கப்பின் மேல் குனிந்து பாடினாலும் அநேகமாக ஒன்றும் பதியாது, ஏனெனில் பிக்கப் காற்றைக் கேட்பதில்லை, இரும்பின் அசைவையே கேட்கிறது.

இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் ஜோர்ஜ் போசாம்ப், அடொல்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற இருவர். 1931இல் மாதிரி, 1932இல் சந்தை. மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் அது. உருவத்தைப் பார்த்து "பொரிக்கும் சட்டி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பெரிய இசைக்குழுக்களில் பித்தளை வாத்தியங்களின் சத்தத்துக்குள் கிட்டார் அமுங்கிப் போனதுதான் அன்றைய பிரச்சினை. சத்தத்தைக் கூட்டவே பிக்கப்பைக் கண்டுபிடித்தார்கள். அது கிட்டாரின் குரலையே மாற்றிவிடும் என்பது பிறகு தெரியவந்த சங்கதி.

ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பி, ஏறக்குறைய 8,000 சுற்று. அதன் ஒலி தெளிவானது, மணியடித்தாற்போல் இருக்கும். கூடவே ஒரு தொல்லை உண்டு. சுருள் என்றால் அது ஒரு ஏரியலும்தான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. ரியூப் லைட், மின்மாற்றி, மேடை லைட்டின் டிம்மர் எல்லாம் வெளிவிடும் அந்த இரைச்சலை ஒற்றைச் சுருள் வாங்கி "ம்ம்ம்" என்று ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். திருவிழா மேடையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றால் சொல்லவே வேண்டாம்.

கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த சேத் லவர் 1950களின் நடுவில் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் மற்றதற்கு எதிராக்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலி இரண்டிலும் ஒரே பக்கமாக வந்து கூடும். இரைச்சலைக் கொல்லும் என்ற பொருளில் ஹம்பக்கர் என்று பெயர். 1957இல் கிப்சன் கிட்டார்களில் வந்தது. இரண்டு சுருள் சேர்ந்ததால் ஒலி தடித்தது, உச்ச ஸ்தாயியின் பளிச்சென்ற தன்மை குறைந்தது. இரைச்சலை நீக்கப் போய் ஒரு புதிய குரல் கிடைத்துவிட்டது. ரொக் இசையின் பாதி அந்தக் குரலில்தான் நிற்கிறது.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று வயரின் நீளம். பிக்கப்பின் சுருளும் வயரின் மின்தேக்கும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும், அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடும். 5 மீற்றர் வயரில் ஒற்றைச் சுருளுக்கு அது சுமார் 4,000 ஹேர்ட்ஸ், ஹம்பக்கருக்கு சுமார் 3,000. வயரை 10 மீற்றராக்கினால் ஒற்றைச் சுருளும் 3,000க்கு இறங்கிவிடும். மேடையில் துள்ளிக் குதிக்க வேண்டுமென்று நீள வயர் வாங்கிவிட்டு, "கிட்டார் மங்கிப் போச்சு" என்று புதுப் பிக்கப் தேடியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு குட்டை வயர்.

பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். தந்தி கட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜுக்கு அருகே அசைவு சிறியது, அங்கே மேல்சுரங்கள் தூக்கலாகத் தெரியும், ஒலி கூராக இருக்கும். கழுத்துக்கு அருகே அசைவு பெரியது, அடிப்படைச் சுரம் நிறைந்து ஒலி உருண்டு வரும். ஒரே கிட்டாரில் இரண்டு மூன்று பிக்கப் இருப்பதன் காரணம் இதுதான். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அந்தச் சின்னச் சுவிட்சை ஐந்து இடங்களிலும் தள்ளிப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

இரும்பைக் கேட்காத பிக்கப்பும் உண்டு. தேவாலயங்களில் அதிகம் காணும் அகூஸ்டிக் கிட்டார்களில் தந்தி அமரும் எலும்புக்கு அடியில் பீசோ என்ற மெல்லிய பட்டி இருக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள் அது. கடலடி ஒலியைப் பதியும் ஹைட்ரோஃபோன்களும் பெரும்பாலும் இதே குடும்பம். மீன் பாடும் ஊரில் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1848இல் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், வாவியில் இரவில் கேட்ட ஒலியை, ஈர விரலால் கிண்ண விளிம்பைத் தேய்க்கும் ஒலிக்கு ஒப்பிட்டு எழுதினார். 1960களில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளாரின் உதவியோடு இலங்கை வானொலி அந்த ஒலியை ஒலிபரப்பியது. அதற்கெல்லாம் முன்பே நம் தோணிக்காரர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார்கள். அந்தத் துடுப்பு காற்றை விட்டுவிட்டு அதிர்வை நேரே வாங்குகிறது. பிக்கப்பின் தத்துவமும் அதுவே.

இனி அம்ப். பிக்கப் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதைத் தூக்கி ஸ்பீக்கரை அசைக்கும் வலுவாக்குவது அம்ப்பின் வேலை. பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், சுவிட்சைப் போட்டால் வால்வு சூடாகும் வரை காத்திருக்க வேண்டும், பிறகு ஒரு கனிந்த குரல் வரும். கிட்டார் அம்ப்புகளும் அந்தக் காலத்தில் வால்வில்தான் பிறந்தன. வால்வை அதன் சக்திக்கு மேலே தள்ளினால் ஒலியலையின் உச்சி மெல்ல மழுங்கும். புதிய மேல்சுரங்கள் சேரும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப அது கூடும், குறையும். டிரான்சிஸ்டரை அப்படித் தள்ளினால் உச்சி கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாகும், காதைக் குத்தும். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை, ஃபெண்டரின் பேஸ்மன் அம்ப்பைப் பார்த்துத் தன் முதல் அம்ப்பைச் செய்தது. பேஸ் கிட்டாருக்கென்று பிறந்த சுற்றமைப்பு, கொஞ்சம் மாறி, ரொக்கின் கர்ஜனையானது.

அதற்காக வால்வே உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள நம் கரையோரத்தில் வால்வு அம்ப் வைத்திருப்பது பசுமாடு வளர்ப்பதுபோல, தினமும் கவனிக்க வேண்டும். சுத்தமான ஒலிக்கு டிரான்சிஸ்டர் போதும். 1975இல் வந்த ரோலன்ட் ஜேசி-120 அதற்குச் சான்று. வாட்ஸைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டில் பழகப் பத்து வாட்ஸே அதிகம்.

தகரச் சத்தத்துக்கான விடை ஸ்பீக்கரில் இருக்கிறது. கிட்டார் அம்ப்பின் 12 அங்குலக் காகிதக் கூம்பு 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே அநேகமாக ஒன்றும் தராது. அந்தக் குறையே அதன் குணம். சவுண்ட் செட்டின் பெட்டியில் குரலுக்கும் பாட்டுக்குமென ஹோர்ன் இருக்கும், அது 15,000 வரை விடும். சிதைத்த கிட்டார் ஒலியை அதில் நேரே விட்டால் மேலேயுள்ள கரகரப்பு முழுவதும் வெளியே வந்து குளவிக் கூடு கலைந்ததுபோல ஆகிவிடும். இரண்டு வழி உண்டு: அம்ப்பின் முன்னால் ஒரு மைக் வைப்பது, அல்லது மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் ஸ்பீக்கர் கெபினெட்டைப் போலச் செய்யும் வசதியைப் போட்டுவிடுவது. அந்த வசதி பெட்டிக்குள் இருந்தும் அதைத் திறக்காமலே வருடக்கணக்கில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எந்தத் தொனி நல்லது என்பது எந்த இசை என்பதைப் பொறுத்தது. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்து வருடத்தில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களின் மொழியும் கஃப்ரிஞ்ஞா இசையும் இங்குள்ள பறங்கியர் வீடுகளில் தங்கிவிட்டன. வயலின், மண்டலின், கிட்டார், ரபானா எல்லாம் மின்சாரமின்றி ஓர் அறைக்குள் ஒலித்தவை. 2004 சுனாமி டச்பார் பகுதியில் அந்தச் சமூகத்தின் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்களின் கொண்டாட்டத்தில் மின்கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கப் போகும் பொடியன், ஹம்பக்கரையும் டிஸ்டோர்ஷனையும் போட்டால் வயலின் காணாமல் போய்விடும். பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தில் கிட்டாரின் வேலை குறுக வெட்டி அடிப்பது. ஒற்றைச் சுருள், சுத்தமான அம்ப், பேஸைக் குறைத்து வைப்பது, இவ்வளவும் போதும். 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவின் பதிவுகளைக் கேட்டால், எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பது புரியும்.

இன்னொரு விடயம் நம் ஆட்களுக்கு மட்டுமென்றே சொல்லலாம். ஷெல்லும் குண்டும் பக்கத்தில் வெடித்துக் கேட்ட காது, பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் முதலில் கேள்வியை இழக்கிறது. கிட்டாரின் கூர்மை இருப்பதும் அங்கேதான். அந்தப் பகுதி கேட்காத ஒருவர் மிக்சரில் நின்றால், தனக்குச் சரியாகும் வரை ட்ரெபிளைத் திருப்பிக்கொண்டே போவார். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதில் எப்போதும் ஒரு ரீங்காரம் கேட்கிறது என்பவர்கள் ஒருமுறை காது வைத்தியரிடம் கேள்விச் சோதனை செய்துகொள்வது நல்லது. தொனியைத் தீர்மானிக்கும்போது இளவயதுக் காது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய கேள்வியைக் காக்க, பயிற்சியின்போது ஸ்பீக்கர் முழங்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும்படி சரித்து வையுங்கள். சத்தத்தைத் தானாகவே குறைப்பீர்கள்.

பழைய அம்ப் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கை. மூன்று முள்ளில் எர்த் முள் உடைக்கப்பட்டிருந்தாலோ, வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாவிட்டாலோ, தொனியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக அம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. ஒரு கையில் தந்தியும் உதட்டில் வேறொரு கருவியோடு இணைந்த மைக்கும் இருக்கும்போது இரண்டுக்கும் இடையில் மின்னழுத்தம் இருந்தால் அது உடம்பு வழியாகப் பாயும். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். இரைச்சல் குறையும் என்று எர்த் வயரைக் கழற்றும் பழக்கம் இங்கேயும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. எல்லாக் கருவிகளையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வால்வு அம்ப்பின் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.