யாழ்ப்பாணர் பெற்ற வாயிலும் பாடினியார் காத்த பண்ணும்

திருக்குட நீராட்டுப் பெருவிழா நிகழுங் காலத்தில் அன்பர்களின் கண்ணும் கருத்தும் இராசகோபுரத்தின் மீதும், விமானத்தின் மீதும், புதுக்கப்பெற்ற திருமதில்களின் மீதும் செல்வது இயல்பே. கல்லும் சுதையும் கண்ணுக்குப் புலனாவன. அவற்றிற்குப் பொருள் வழங்கிய பெருமக்களின் பெயர்களும் சலவைக்கல்லில் பொறிக்கப்பெறுகின்றன. ஆனால் அதே திருக்கோயிலில் பூசை முடிவில் ஓதுவார் பாடும் பண் எவர் கையிலிருந்து நமக்கு வந்தது, அதனைத் தந்த குடியினர் எந்த வாயிலில் நின்றனர் என்று எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. அவ்வரலாற்றைச் சிறிது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். திருஎருக்கத்தம்புலியூர் என்னும் தலத்தில் தோன்றியவர். இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் அவ்வூர் விருத்தாசலத்தை அடுத்துள்ளது. மனைவியார் மதங்கசூளாமணியார். கணவர் யாழில் இசை கூட்ட, மனைவியார் மிடற்றில் இசை கூட்ட, இருவருமாகத் தலந்தோறும் சென்று இறைவன் புகழைப் பாடி வந்தனர்.

பாணர் என்ற சொல்லைக் கேட்டதும் பழந்தமிழ் நூல்களைப் பயின்றோர் உள்ளத்தில் ஒரு பெருமிதம் எழும். சங்ககால வேந்தர் பாணருக்குப் பொற்றாமரை சூட்டினர். பத்துப்பாட்டுள் இரண்டு நூல்கள் பாணர் பெயரையே தாங்கி நிற்கின்றன. புறநானூற்றில் பாணர்குடி சிறந்த குடிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. அத்தகைய குடி சில நூற்றாண்டுகளில் எவ்வாறு கோயிற் புறவாயிலில் நிற்கும் நிலைக்குத் தாழ்ந்தது என்பது தமிழ்நாட்டுச் சமுதாய வரலாற்றின் துயரமான பகுதிகளுள் ஒன்று. கலையைப் போற்றினோம், கலைஞனை வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். 7-ஆம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் வாழ்ந்த காலத்தில், யாழ்ப்பாணர் இந்நிலையில்தான் இருந்தார்.

இதனைச் சேக்கிழார் பெருமான் மறைக்கவில்லை. இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், அரசவையில் பெரும்பதவி வகித்த அப்பெரியார், பாணர் எங்கெங்கு நின்று பாடினார் என்பதை இடஞ்சுட்டியே கூறிச் செல்கிறார்.

முதலில் மதுரைத் திருவாலவாய். பாணர் திருக்கோயில் வாயிலின் முன் நின்று யாழ் வாசிக்கிறார். உள்ளே செல்லும் உரிமை இல்லை. அவரும் அதனைக் கேட்கவில்லை. அன்றிரவு இறைவன் தொண்டர் எல்லோருக்கும் கனவில் தோன்றி ஆணையிடுகிறான். மறுநாள் தொண்டர்களே பாணரை அழைத்துச் சென்று திருமுன்பு நிறுத்துகின்றனர். அதன்பின் நிகழ்வதுதான் என் நெஞ்சை மிகவும் உருக்குவது. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக்கட்டுத் தளர்ந்துவிடும். ஆதலால் பாணருக்குப் பலகை இடுக என்று வானில் ஓர் ஒலி எழுகிறது. அன்பர்கள் பொற்பலகை இடுகின்றனர். கருவியோடு வாழும் தொழிலாளி ஒருவனுக்கே தெரியக்கூடிய சிறு கவலை இது. பாணர் வாய்திறந்து சொல்லாத அக்கவலையை ஆலவாய் அண்ணல் தானே அறிந்து கூறினான். உள்ளே விடுவது ஒன்று. வந்தவருக்கு வேண்டுவது யாதென எண்ணி இருக்கை தருவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்தாலன்றி முதலாவது நிறைவுறாது என்பதைப் புராணம் எவ்வளவு அமைதியாகக் காட்டிவிடுகிறது!

இவ்விடத்தில் காலவரிசையைச் சற்றே மீறிச் செல்ல அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அதே மதுரையில், அதே திருக்கோயிலில், 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், திரு. அ. வைத்தியநாத ஐயர் அவர்கள் தாழ்த்தப்பட்ட குலத்தவர் எனப்பட்ட அன்பர் சிலரை உடனழைத்து மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் சென்றார். பின்னாளில் அமைச்சராக விளங்கிய திரு. பி. கக்கன் அவர்களும் அக்குழுவில் இருந்தார். எதிர்ப்பு இல்லாமலில்லை. எனினும் அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசத்திற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1947-இல் மேலும் விரிவான சட்டம் வந்தது. யாழ்ப்பாணருக்கு இறைவன் கனவில் இட்ட ஆணைக்கும் 1939-க்கும் இடையில் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. ஆண்டுதோறும் நாயனாருக்குக் குருபூசை செய்த நாமே அத்தனை காலம் வாயிலை அடைத்து வைத்திருந்தோம் என்பது எண்ணத் தக்கது.

ஆலவாயினின்றும் பாணர் திருவாரூருக்குச் செல்கிறார். அங்கும் வாயிலின் முன்னிருந்தே பாடுகிறார். ஆரூர்ப் பெருமான் வடதிசையில் வேறு ஒரு வாயில் வகுத்துத் தர, அதன்வழிப் புகுந்து மூலட்டானத்தாரை வணங்குகிறார். வேறு வாயில் வகுத்தது பெருமைக்கோ, வேற்றுமைக்கோ என அறிஞர் வினவுவதுண்டு. தமக்கென ஒரு வாயில் பெறும் பேறு மன்னருக்கும் எளிதன்று எனப் பெருமையாகவே உரைப்பாரும் உளர். அடியேனுக்குத் தோன்றுவது இது: எல்லோரும் செல்லும் வாயில் இருக்க வேறொன்று வேண்டியிருந்தது என்பதே அக்காலத்து மக்கள் மனநிலைக்குச் சான்று. இறைவன் திறந்தான், மக்கள் இன்னும் திறக்கவில்லை.

பின்னர்ப் பாணர் சீகாழிக்கு வந்து ஆளுடைய பிள்ளையாரைக் காண்கிறார். பிள்ளையார் அவரை வரவேற்றபோது ‘ஐயர்’ என்று விளித்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். மறையவர் குலத்தில் தோன்றிய ஞானக்குழந்தை, தாழ்ந்த குலத்தவர் என்று உலகம் ஒதுக்கிய முதியவரை அச்சொல்லால் அழைத்தது சிறிய செய்தியன்று. ஆயினும் அன்று அவரைக் கோயிலின் புறமுன்றிலில் நிறுத்தியே வழிபடச் செய்தார் என்பதையும் அதே புராணம் கூறுகிறது. உண்மையை உள்ளவாறே உரைக்கும் சேக்கிழாரின் நேர்மை போற்றத் தக்கது. அன்று முதல் பிள்ளையார் பாடும் பதிகங்களைப் பாணர் யாழிலிட்டு உடன் வாசித்து வந்தார்.

இனிச் சாத்தமங்கை நிகழ்ச்சி. பாணர் வரலாற்றில் இதனைக் காட்டிலும் உயர்ந்த பகுதி இல்லை என்பது அடியேன் கருத்து. இன்று சீயாத்தமங்கை என வழங்கும் அவ்வூர் திருமருகலை அடுத்தது. அங்கு வாழ்ந்த மறையவர் திருநீலநக்க நாயனார். ஆசாரத்தில் அவரினும் கடுமையானவர் இலர். ஒருமுறை அயவந்தித் திருக்கோயிலில் சிவலிங்கத்தின் மேல் சிலந்தி விழ, அவர் மனைவியார் பதைத்து அதனை வாயால் ஊதித் துமிந்தார். எச்சில் பட்டது அநுசிதம் என்று அம்மையாரை அங்கேயே துறந்து வீடு திரும்பினார் நாயனார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றித் தன் திருமேனியைக் காட்டினான். அம்மையார் ஊதிய இடம் தவிர மற்றெங்கும் கொப்புளம்! விழித்தெழுந்த நாயனார் மனைவியாரை அழைத்து வந்தார்.

அத்தகையவர் இல்லத்திற்குத்தான் ஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு எழுந்தருளினார். அமுது செய்தாயிற்று, இரவும் வந்தது. பிள்ளையார் நீலநக்கரை அழைத்து, பாணரும் அவர் மனைவியாரும் தங்குவதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இது சாத்திர வாதமன்று. சபையில் தீர்க்கும் வழக்குமன்று. இருட்டிய பின் வந்த விருந்தினர் எங்கே படுப்பது என்னும், நாள்தோறும் எந்த வீட்டிலும் எழக்கூடிய எளிய வினா. திண்ணையைக் காட்டியிருக்கலாம், தோட்டத்துக் கொட்டிலைக் காட்டியிருக்கலாம். ஊரார் குறை கூறியிருக்க மாட்டார்கள். நீலநக்கரோ வீட்டின் நடுவே, தாம் தீ வளர்க்கும் வேதிகையின் அருகிலேயே இடங்கொடுத்தார். வேதியில் தீ வலஞ்சுழித்து மேலெழுந்து ஒளிர்ந்தது. பாணர் யாழை இறக்கிவைத்து, மதங்கசூளாமணியாரோடு அங்கே துயின்றார்.

தீ வலஞ்சுழித்தல் நல்ல நிமித்தம் என்பது வைதிக மரபு. மறையவர் இல்லத்துத் தீயைக் கொண்டே சேக்கிழார் தீர்ப்பை எழுதுவித்துவிட்டார். சாத்தமங்கைத் திருப்பதிகத்தில் நீலநக்கரின் பெயரைச் சம்பந்தர் அமைத்துப் பாடியிருப்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் நிகழ்ந்த யாழ்மூரி வரலாறு பலரும் அறிந்ததே. பதிகத்தின் சிறப்பெல்லாம் பாணரின் யாழால் வந்தது என்று சுற்றத்தார் கூற, பாணர் வருந்தி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழ் தோற்றது. கருவியை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்ற அளவில் வாசிப்பீராக என்று அதனை மீண்டும் அவர் கையிலேயே தந்தார் பிள்ளையார். நல்லூர்ப்பெருமணத்தில் பிள்ளையாரின் திருமணத்தின்போது எழுந்த பேரொளியில் நீலநக்கரும் யாழ்ப்பாணரும் ஒருங்கே புகுந்தனர். அங்குத் தனி வாயில் இருந்ததாகப் புராணம் கூறவில்லை.

நாயனார் ஒளியிற் கலந்தார். அவர் கைவழி வந்த பண் என்னவாயிற்று? பதிகம் ஓதுவது இடையில் அற்றுப்போகவில்லை என்பதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள. மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்திய திருவல்லக் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் செய்த ஏற்பாடோ நன்கொடையாளர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிப்பார் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு நெல் மூன்று குருணி. கலத்திற்கு 12 குருணி என்ற கணக்கில் நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் பாட்டுக்கென்றே அளக்கப்பட்டது. அவருள் ஒருவர் இறந்துபட்டால் அவர் உறவினர் அப்பணியைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரை நியமிக்க வேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதித்துள்ளது. வானளாவிய விமானம் எடுத்த மன்னன், பாடுவார் மரபு அறுந்துவிடுமோ என்ற கவலையையும் கல்லில் எழுதி வைத்தான். இக்காலத்தில் திருப்பணிக் கணக்குகளில் வண்ணம் தீட்டுவதற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கேனும் ஓதுவார் ஊதியத்திற்கு அறக்கட்டளையாக வைக்கப்பெறின் எத்துணை நன்று!

ஏட்டைக் காக்கலாம், இசையைக் காப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையாக அமைவது திருமுறைகண்ட புராணம். உமாபதி சிவம் இயற்றியதாக வழங்கும் அந்நூலின்படி, நாரையூர் நம்பியாண்டார் நம்பியும் சோழ வேந்தனும் தில்லை சென்று, மூவர் கையடையாளத்தோடு பூட்டிக்கிடந்த அறையை மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறப்பித்தனர். புற்று மூடிக் கிடந்த ஏடுகளில் எஞ்சியவற்றை எண்ணெய் சொரிந்து எடுத்தனர். அவ்வேந்தன் யார் என்பதில் வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. ஏடு கிடைத்தது, பண் தெரியவில்லை. எழுத்தில் அடங்காத அதனை யாரிடம் கேட்பது? திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்மணி ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பண்ணிசை அருளினோம் என்று திருவருள் உணர்த்திற்று. அவ்வம்மையாரை அழைத்து வந்து, தில்லைப் பேரவையில் அவர் பாடக் கேட்டே பதிகங்களுக்குப் பண் வகுத்தனர்.

வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடியில்தான் கோயிலுக்குள் ஒலிக்க வேண்டிய பண் உயிரோடிருந்தது. அரசனும் அந்தணாளரும் ஏடு தொகுத்த நம்பியும் ஒரு பாண்குலப் பெண்ணின் மிடற்றுக்குக் காத்து நின்றனர். பாடினியார் என்றே அவரை இன்று குறிப்பிடுகிறோம்.

இடைக்காலத்தில் யாழ் என்னும் கருவியே வழக்கொழிந்தது. ஈழத்துக் காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தையும் தேவாரத்தையும் துணைக்கொண்டு அதன் இலக்கணத்தை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ இயற்றினார். 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார். சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தார் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களைக் கூட்டி, ஓதுவார்களைப் பாடச் செய்து பண்ணியல்புகளை ஆராய்ந்தனர்.

நம்பியாண்டார் நம்பி ஒரு பெண்ணிடம் பண் கேட்ட பின்னும், கோயில்களில் ஓதுவார் பணி நெடுங்காலம் ஆடவருக்கே உரியதாயிருந்தது. 2021-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் பெண்மணி ஒருவர் ஓதுவாராக நியமிக்கப்பெற்று, சந்நிதியில் நின்று தேவாரம் பாடத் தொடங்கினார்.