அசையாப் படங்களும் அசைந்த வாழ்வும்

உருசியப் பேரரசின் இறுதிக்கால வாழ்வை அறியத் துணைபுரியும் சான்றுகளுள் செர்கேய் புரோகுதின்-கோர்ஸ்கியின் வண்ண நிழற்படங்கள் சிறப்புடையன. பேரரசர் இரண்டாம் நிக்கோலாசின் ஆதரவு பெற்று, 1909 முதல் 1915 வரை பல பகுதிகட்கும் சென்று அவற்றை அவர் எடுத்தார். நீலம், பச்சை, சிவப்பு ஆகிய நிறக் கண்ணாடிகளின் வழியே ஒரே காட்சியை அடுத்தடுத்து மும்முறை பதிவுசெய்தல் அவர்தம் முறை. ஆதலின், அசையாது நின்றோரே தெளிவுற அமைந்தனர். அசைந்தவை வண்ணக் கறைகளாயின. 1909-இல் கனித்தட்டு ஏந்தி நிற்கும் உழவர்குலப் பெண்டிர் மூவரின் அமைதி, அவர்தம் வாழ்வின் அமைதி எனக் கொள்ளற்கில்லை. அது நிழற்படக் கலை வேண்டிய அமைதி. 1905-இல் எழுந்த கிளர்ச்சியும் 1917-இல் வீழ்ந்த முடியாட்சியும் அதன் முன்னும் பின்னும் நிற்கின்றன. எனவே, கட்டடம், தொழிற்கருவி, உடை ஆகியவற்றிற்கு இப்படங்கள் நற்சான்றாகும். மக்கள்தம் மனநிலையை இவற்றால் துணிதல் பொருந்தாது.