நோய்க்குப் பயந்து மூடிய ஹோட்டல்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1904-இல் திறந்த பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு பெரிய பெயர் பெற்ற ஹோட்டல். 1976 ஜூலையில் முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியன் அங்கே மாநாடு நடத்தியது. ஊர் திரும்பியவர்கள் நிமோனியா மாதிரி ஒரு காய்ச்சலில் படுத்தார்கள். மொத்தம் 221 பேருக்கு நோய் கண்டது. 34 பேர் இறந்தார்கள்.

பத்திரிகைகள் இதை 'லீஜியனேர்ஸ் நோய்' என்றன. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'லெழியோனேர்' என்றால் படைவீரன்தான். அந்தச் சொல்லே ஒரு நோய்க்குப் பெயராகிவிட்டது.

காரணம் தெரியாததால் பயம் கூடியது. பயணிகள் வரவில்லை. அதே வருஷம் நவம்பரில் ஹோட்டலை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பிழைப்பும் போயிற்று.

கிருமியை ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது 1977 ஜனவரியில்! அது தண்ணீரில் வளர்வது. குளிர்சாதனத்தின் நீர்த்திவலைகள் வழியே பரவியிருக்கும் என்றார்கள். பராமரிப்பு சரியில்லாத எந்தப் பெரிய கட்டடத்திலும் இது வரலாம். அந்த ஒரு ஹோட்டலை ஒதுக்கிவிட்டால் தப்பித்தோம் என்று ஆகாது.

பல வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். விசாரணை முடியுமுன்னே தண்டனை கொடுத்த கதையாகத்தான் இது எனக்குப் படுகிறது. 1979-இல் அதே கட்டடம் வேறு பெயரில் மறுபடி திறந்தது.

ஹாங்காங் மெட்ரோபோலிலும் இதே கதை. 2003 பிப்ரவரியில் அங்கே தங்கிய ஒரு மருத்துவரிடமிருந்து சார்ஸ் மற்ற விருந்தினர்களுக்குத் தொற்றி, பல நாடுகளுக்குப் போனது. பின்னாளில் அந்த ஹோட்டலும் பெயர் மாற்றிக்கொண்டது.

வெளியூரில் தங்கப் போகிறவர்கள் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள்.