சிறுவீடும் பல்பயன் அறையும்: யப்பானியத் தொடர்மாடியின் வரலாறு தரும் பாடம்

நகரத்துச் சிறுவீடுகளை அழகுபடுத்துவது பற்றிப் பேசுவோர், ஓர் அறையைப் பல தேவைகளுக்குப் பயன்படுத்துவதைப் புதியதொரு நாகரிகமாகக் கொள்வர். யப்பானிய வீட்டின் வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்துப் பொருந்தாதென்பது புலனாகும். அங்கு தத்தாமிப் பாய் பதித்த அறையொன்றே பகலில் உண்பதற்கும் விருந்தினரை வரவேற்பதற்கும், இரவில் உறங்குவதற்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. காலையில் படுக்கை மடிக்கப்பட்டுச் சுவரலுமாரியுள் வைக்கப்படும். தாழ்ந்த மேசை நடுவே இடப்படும். பொருள்களை அகற்றி வெறுமையைப் பேணுதலே அவ்வறையின் அலங்காரமாயிற்று.

ஆயின், இம்முறை சிறுவீட்டில் வாழ்ந்தோருக்கு உண்மையில் வசதியளித்ததா? இவ்வினாவை ஆராய்ந்தவர் கட்டடக்கலை அறிஞர் உசோ நிஷியாமா ஆவார். அறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் ஆதலின் சிறிய இடமே போதுமென்ற வாதம் அக்காலத்தில் நிலவிற்று. நிஷியாமாவோ மக்கள் வாழ்ந்த வீடுகளையே ஆராய்ந்தார். மிகச் சிறிய வீடுகளிலுங்கூடப் பலர் உண்ணும் இடத்தை உறங்கும் இடத்தினின்றும் வேறாக வைத்திருந்தமையைக் கண்டார். உண்ணுமிடமும் உறங்குமிடமும் பிரிக்கப்படல் வேண்டுமென்ற கோட்பாட்டை 1942இல் அவர் முன்வைத்தார்.

1945இல் போர் முடிவுற்றபோது யப்பானில் ஏறத்தாழ 42 இலட்சம் வீடுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. இந்நிலையில், ரோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுமி யோஷிடாக்கேயின் குழுவினர் வகுத்த '51சி' எனும் பொதுவீடமைப்பு மாதிரி 1951இல் தோன்றியது. ஏறக்குறைய 40 சதுர மீற்றர் பரப்பினுள் உறங்குவதற்கு இரு அறைகள் அமைந்தன. சமையலறை சற்று விரிவாக்கப்பட்டு உண்ணுமிடமாகவும் ஆக்கப்பட்டது. உண்ணுதல் உறக்கத்தினின்றும் பிரிக்கப்பட்டுச் சமையலுடன் இணைக்கப்பட்டமையே இதன் சிறப்பு எனலாம்.

1955இல் நிறுவப்பட்ட யப்பான் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் இவ்வமைப்பைத் தொடர்மாடிகளிற் பரப்பியது. பாயில் அமர்ந்து உண்டு பழகியோர் புதிய இடத்தைப் பயன்படுத்தும் பொருட்டு, ஆரம்பகால வீடுகளில் மேசையும் சேர்த்தே அளிக்கப்பட்டது. வீட்டின் இருண்ட புறத்தில் ஒதுக்கப்பட்டிருந்த சமையலறையை நடுவிடத்துக்குக் கொணரவேண்டுமென வாதிட்ட பெண் கட்டடக் கலைஞர் மிஹோ ஹமாகுச்சியின் பங்களிப்பும் இதிற் குறிப்பிடத்தக்கது. இடமாற்றம் பெற்றது அடுப்பு மட்டுமன்று. குடும்பத்திற் பெண்ணின் நிலையுமே.

எனவே, பல்பயன் அறை என்பது வெறும் அழகியற் பிரச்சினையன்று. எவற்றை இணைக்கலாம், எவற்றைப் பிரித்தே ஆகவேண்டும் என்பதை அங்கு வாழ்வோரின் வாழ்க்கையே தீர்மானித்தல் வேண்டும். அதனை ஆராயாது இடச்சிக்கனத்தை மட்டும் போற்றுவது, வறியோரின் நெருக்கடிக்கு அழகிய பெயர் சூட்டுவதாகவே முடியும்.