வடித்தலும் கள்ளுண்ணாமையும்

‘வடித்தல்’ என்னும் சொல் இன்று சாராயத் தொழிலை நினைவூட்டுகின்றது. ஆயினும் அதன் அடிப்பொருள், கஞ்சியை வடித்தல் போல, வேண்டாதது நீக்குதலே. சங்கநூல்களில் வரும் ‘அரியல்’ அரித்தெடுத்த கள். ‘தேறல்’ தெளிந்த கள். இவை புளித்த மதுவேயன்றி, ஆவியைக் குளிர்வித்து இறக்கியவை அல்ல. அவ்வாறு இறக்கும் கலத்தைச் சித்த மருத்துவர் ‘வாலை’ என்பர். இறங்கும் மருந்துநீர் ‘தீநீர்’. ஓமத் தீநீர் அவ்வகையது.

அங்ஙனமாயின், பொதுமறையின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை புளித்த கள்ளை மட்டுமே விலக்கியதோ? அன்று. அதன் 10 குறள்களும் செய்முறையைப் பேசவில்லை. நாணிழத்தல், பொருள் கொடுத்து அறியாமை வாங்குதல் முதலிய விளைவுகளையே பேசுகின்றன. கள்ளுண்பாரை நஞ்சுண்பாராகவே எண்ணுகின்றார் வள்ளுவர். ஆதலின் பானம் மாறினும் விலக்கு மாறாது.

இதனை மலாயாத் தமிழர் வரலாறு நன்கு விளக்கும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். தோட்டங்களில் கள்ளோடு சம்சுவும் குடிகளைக் கெடுத்தது. ‘சம்சு’ சீனமொழிச் சொல். மும்முறை காய்ச்சியது என அகராதியார் பொருள் கூறுவர். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மது 30-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. மெத்தனால் நிறமற்றது, பார்வைக்குத் தெளிந்த நீரே. வள்ளுவர் சொன்ன நஞ்சு அங்கே உவமையாக நில்லாமல் உண்மையாயிற்று. வடித்ததனால் தெளிந்தது நீரேயன்றிக் குடித்தவன் அறிவன்று.