அச்சுக்கு மை, எந்திரத்துக்கு எண்ணெய்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை மகாவலி கங்கையைக் கடக்கும் இடத்தில் இருப்பது கட்டுகஸ்தோட்டை. அங்கிருந்து வடக்கே அக்குறணையையும் அலவத்துகொடையையும் தாண்டிப் பலகடுவைக் கணவாய் வரை சாலை ஏறுகிறது. கணவாய்க்கு அப்பால் இறங்குகிறது. சைக்கிளில் சிறியதோர் எந்திரத்தைப் பூட்டி ஓட்டுபவருக்கு இச்சாலையைக் காட்டிலும் நல்ல பரீட்சை வேறில்லை. ஏற்றத்தில் எந்திரம் சூடேறித் திணறுவதை யாவரும் அறிவர். ஆனால் பளுவே இல்லாத இறக்கத்திலும் அது திடீரென இறுகி நின்றுவிடக்கூடும் என்று சொன்னால் நேயர்கள் வியப்படையலாம். அதன் காரணத்தை அறிய, எண்ணெயின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மலைநாட்டுக் காப்பி மாட்டுவண்டிகளில் கொழும்புக்கு இறங்கிய காலத்தில், சக்கரத்தின் குடம் அச்சின்மீது நேராகவே தேய்ந்து சுழன்றது. அதற்குத் தமிழர் இட்டது வண்டி மை. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயிற் குழைத்த கரிய பசை அது. வெறும் எண்ணெய் வழிந்தோடிவிடும்; கரி அதனைப் பிடித்துவைக்கும். அச்சு முறியும் அச்சம் நம்மவர்க்குப் பழையது. உப்பு விற்ற உமணர் தம் வண்டியின்கீழ்ச் சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகிறார்.

புகையிரதம் 1867ஆம் ஆண்டிற் கண்டிக்கும், 1880ஆம் ஆண்டில் கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்கும் வந்தது. அதன் அச்சுகளுக்கும் எண்ணெய் தேவை. எனினும், எண்ணெய் எவ்வாறு உராய்வைத் தடுக்கிறது என்பதை அன்று எவரும் தெளிவாக அறிந்திலர். 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்பவர் புகையிரத அச்சுப் போதிகை ஒன்றைச் சோதித்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக அதன் உச்சியில் துளையிட்டபோது, எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டையால் துளையை அடைத்தார். எண்ணெய் அதனையும் தள்ளி வெளியேற்றியது! சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துச் சென்று ஓர் ஆப்பைப்போல் இடுக்கிற் செலுத்துகிறது. அங்கு எழும் அழுத்தமே சுமை முழுவதையும் தாங்குகிறது. இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. இதற்கான கணிதத்தை 1886ஆம் ஆண்டில் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதி முடித்தார்.

ஆயின், இத்தகைய போதிகைக்கு எண்ணெய் இடைவிடாது வந்துகொண்டிருக்க வேண்டும். சில துளிகளோடு நிறைவுறும் போதிகை சைக்கிளோடு வளர்ந்தது. 1869ஆம் ஆண்டிற் பாரிசிலிருந்து ரூவாங் நகர் வரை நடந்த ஓட்டப்பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூரின் சைக்கிளில், ஜூல் சூரிரே என்பவர் அமைத்த குண்டுப் போதிகைகள் இருந்தன. 1883ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பிரீட்ரிக் பிஷர் எஃகுக் குண்டுகளை ஒரேயளவாகத் தேய்க்கும் பொறியை அமைத்தார். உருளும் குண்டு தேய்வதில்லை என்று நினைத்துவிடலாகாது. அதற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். ஆனால் மிகச் சிறிதளவே போதும்.

சைக்கிள் எந்திரம் பிழைத்தது இச்சிறிதளவினாலேதான். ஜோசப் டே என்னும் ஆங்கிலேயர் 1891ஆம் ஆண்டளவில் அமைத்த இரண்டு வீச்சு எந்திரத்தில், பெற்றோலும் காற்றும் முதலிற் சுழல்தண்டு இருக்கும் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்தே சிலிண்டருக்குச் செல்கின்றன. ஆகவே அப்பெட்டியில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. எண்ணெயைப் பெற்றோலிலேயே கலந்து அனுப்புவதே எளிய வழியாயிற்று. சூடான பெட்டிக்குள் பெற்றோல் ஆவியாகிவிட, எண்ணெய் பனிபோல் எஞ்சிப் போதிகைகளிலும் சிலிண்டரின் சுவரிலும் படிகிறது. தன் கடமையை முடித்தபின் எரிந்து புகையாகிறது. பழைய எந்திரங்களுக்கு 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்தனர். எண்ணெயின் தரம் உயர உயர அது 25க்கு 1 ஆகவும், பின்னர் 50க்கு 1 ஆகவும் குறைந்தது. பிரான்சின் வெலோசொலெக்ஸ் (1946), இங்கிலாந்தின் சைக்கிள்மாஸ்டர் (1950), தமிழ்நாட்டில் ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50 (1980) ஆகிய யாவும் இக்கலவையில் ஓடியவையே.

இப்போது பலகடுவை இறக்கத்திற்கு வருவோம். அலவத்துகொடையை நோக்கி இறங்குகையில் ஓட்டுபவர் விசையை முற்றாக மூடிவிடுகிறார். பெற்றோல் நின்றுவிடுகிறது, அதனோடு எண்ணெயும் நின்றுவிடுகிறது. ஆனால் சக்கரம் எந்திரத்தை முன்னிலும் வேகமாகச் சுழற்றுகிறது. எஞ்சிய படலம் தேய்ந்ததும் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளலாம். பின்சக்கரம் அக்கணமே பூட்டிக்கொள்ளும். வளைவான மலைச்சாலையில் அது எந்திரத்துக்கு மட்டுமன்றி ஓட்டுபவரின் உயிருக்கும் ஆபத்தாகும். இடையிடையே விசையைச் சிறிது திறந்துவிடுவதும், கிளச்சைப் பிடித்து எந்திரத்தை விடுவிப்பதும் அறிந்தோர் கைக்கொண்ட பரிகாரங்கள். சுவீடனின் சாப் நிறுவனம் இரண்டு வீச்சு எந்திரம் பூட்டிய தன் கார்களில், இறக்கத்திற் சக்கரங்கள் எந்திரத்தைச் சுழற்றாதபடி ஒரு கருவியை வைத்தது. 1964ஆம் ஆண்டில் யமஹா எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து, எந்திரத்தின் வேகத்துக்கும் விசையின் திறப்புக்கும் ஏற்பப் பம்பியால் ஊட்டும் முறையைக் கொணர்ந்தது. எந்திரம் வேகமாகச் சுழல்கையில் விசை மூடியிருந்தாலும் எண்ணெய் சிறிதளவேனும் வரும். நமது மலைகளுக்கு ஏற்ற கண்டுபிடிப்பு அதுவே என்பேன்.

பல்சக்கரங்களின் கதை வேறு. கலவையெண்ணெய் அவற்றை எட்டுவதில்லை. அவை பெட்டிக்குப் புறத்தே இருப்பவை. பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் தடித்த எண்ணெயோ கொழுப்புப் பசையோ அவற்றிற்கு வேண்டும். சப்பிரகமுவாவின் போகலையிலும் குருநாகற் பகுதியின் கஹடகஹவிலும் அகழ்ந்த காரீயம் பசைக்கு நல்ல துணை. அதன் ஏடுகள் ஒன்றன்மீதொன்று வழுக்குவன. (இலங்கைக் காரீயத்தின் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளுக்கே சென்றது என்பது வேறு.) பசையை அள்ளி அப்பினால் நன்மை கூடும் என்று கருதுவோர் உளர். மூடிக்குள் மிகுந்த பசை சூட்டில் இளகிக் கிளச்சின் தகடுகளை நனைக்கும். எந்திரம் இரைந்தாலும் வண்டி ஏற்றத்தில் நகராது.

எரிந்த எண்ணெயின் புகை, மலைகள் சூழ்ந்த கண்டிப் பள்ளத்தாக்கில் எளிதிற் கலையாது தங்குவது. 2008ஆம் ஆண்டில் இரண்டு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை இலங்கை தடைசெய்தது. அதற்கு முன்னரே ஹொண்டாவின் சாலி போன்ற சிறிய நான்கு வீச்சு வண்டிகள் இங்கு பெருகியிருந்தன. அவற்றில் அடித்தொட்டியின் ஒரே எண்ணெய் போதிகைகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் கிளச்சுக்கும் சுழன்று பாய்கிறது. இறக்கத்தில் விசையை மூடினாலும் எண்ணெய் நிற்பதில்லை. ஆனால் கார்களுக்கென உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த எண்ணெயை அதில் ஊற்றிவிட்டால், உராய்ந்தே வேலை செய்ய வேண்டிய கிளச்சும் வழுக்கத் தொடங்கிவிடும்.