வெள்ளை ரிப்பனும் நம் வகுப்பறையும்



மலர்க்குழுவினர் போன் செய்து, "உங்க பேட்ச் சார்பா ஒரு கட்டுரை வேணும் சார், பழைய நினைவு ஏதாவது எழுதுங்க" என்று கேட்டபோது மெஸ் சாப்பாடும் ஆண்டு விழாவும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றை எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நான் ஒரு வரலாற்றை எழுத விரும்புகிறேன். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஊர் மன்றங்களும் கிளப்புகளும் ஆண்டுதோறும் விழிப்புணர்வு இயக்கம் நடத்துகின்றனவே, அவை எங்கிருந்து வந்தன என்பதே அது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த வரலாற்றின் ஒரு பகுதி மெக்கானிக்கல் வகுப்பறை ஒன்றில்தான் தொடங்குகிறது.

1989 டிசம்பர் 6, புதன்கிழமை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி. மாலை ஐந்து மணியைத் தாண்டிய நேரம். துப்பாக்கியோடு வந்த 25 வயது இளைஞன் ஒருவன், ஏறத்தாழ அறுபது பேர் இருந்த மெக்கானிக்கல் வகுப்பறைக்குள் நுழைந்தான். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக நிற்கச் சொன்னான். ஆண்களை வெளியே போகச் சொன்னான். ஒன்பது மாணவிகள் மட்டும் அறையில் நின்றார்கள். நீங்கள் பெண்ணுரிமைக்காரிகள் என்று அவன் குற்றம் சாட்ட, நாங்கள் பொறியியல் படிக்க வந்தவர்கள், அவ்வளவுதான் என்று ஒரு மாணவி பதில் சொன்னார். அவன் சுட்டான். அந்த அறையில் ஆறு பேர் இறந்தனர். பிறகு தாழ்வாரம், உணவு விடுதி, இன்னொரு வகுப்பறை என்று போனான். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் 14 பெண்கள் மாண்டனர். அவர்களில் 12 பேர் பொறியியல் மாணவிகள், ஒருவர் செவிலியர் படிப்பு மாணவி, ஒருவர் கல்லூரி ஊழியர். கடைசியில் அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அப்போது நாம் ஏழாவது செமஸ்டரில் இருந்தோம். ஹாஸ்டல் ரீடிங் ரூமில் ஒருவன் இந்தச் செய்தியை உரக்கப் படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "டேய், ஆம்பளைங்களை வெளிய போகச் சொன்னானாம், எல்லாரும் போயிட்டாங்களாம்டா!" என்றான். "நாம இருந்திருந்தா விட்டிருப்போமா மச்சான்?" என்றான் இன்னொருவன். ஆளுக்கு ஆள் வீரம் பேசினோம். நானும் பேசினேன்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. நாம் சேர்ந்தபோது நம் வகுப்பில் அறுபது பேர். அவர்களில் பெண்கள் நால்வர். ரிசல்ட் வந்தபோது மூவர்தான். நான்காமவர் இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார். "வீட்ல கல்யாணம் பேசிட்டாங்களாம்" என்று நாமே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டோம்.

உண்மைக் காரணம் நமக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப் படிக்கட்டில் தினமும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவர் வந்தால் விசில், பாட்டு, பட்டப்பெயர். அவருடைய டிராயிங் ஷீட்டில் எழுதக் கூடாததை எழுதி வைத்தார்கள். ஒருநாள் தாழ்வாரத்தில் ஒருவன் அவருடைய தாவணியைப் பிடித்து இழுத்தான். பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் மினி டிராஃப்டரோடு மூன்றடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் வகுப்புக்கு வரவில்லை. முதல் ஆண்டில் வகுப்பிலேயே இரண்டாவது ரேங்க் வாங்கியவர் அவர்.

அதற்கு நாம் வைத்த பெயர் 'கலாட்டா'. இரண்டு ஆண்டுகள் கழித்து ரீடிங் ரூமில் மாண்ட்ரியல் செய்தியைப் படித்தபோது ஒருவருக்காவது அந்தத் தாழ்வாரம் நினைவுக்கு வந்ததா? எனக்கு வரவில்லை. வெளியே அனுப்பப்பட்ட அந்த மாணவர்களின் முகத்துக்கு நேரே துப்பாக்கி இருந்தது. அன்று அந்தக் கல்லூரியில் இருந்த மாணவர் ஒருவர், துயரம் தாளாமல் 1990-இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். நம் முன்னே துப்பாக்கி எதுவும் இருக்கவில்லை.

எனக்கு அந்தத் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது பத்து ஆண்டுகள் கழித்து, டொராண்டோவில். வேலை நிமித்தம் அங்கே போய் ஸ்கார்பரோ பகுதியில் குடியிருந்தேன். எங்கள் பகுதி மக்களுக்கென்று ஒரு சிறிய கிளப் இருந்தது. சனிக்கிழமைகளில் பேட்மிண்டன் ஆடப் போவேன். 1999 டிசம்பரில் ஒருநாள் வாசலில் மேசை போட்டு வெள்ளை ரிப்பன்கள் வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். இலவசம்தானே என்று ஒன்றை எடுத்துச் சட்டையில் குத்தப் போனேன். "தம்பி, ரிப்பன் குத்துறது லேசு. முதல்ல அட்டையை வாசிச்சுப்போட்டுக் குத்துங்கோ" என்றார்.

அட்டையில் ஆண்களுக்கான உறுதிமொழி இருந்தது. பெண்கள் மீது வன்முறை செய்ய மாட்டேன். அதற்குத் துணைபோக மாட்டேன். அதைக் கண்டு மௌனமாக இருக்க மாட்டேன். முதல் வரியில் எனக்குச் சிக்கல் இல்லை. இரண்டாவதில் சற்றுத் தயங்கினேன். மூன்றாவது வரியில் கையில் மினி டிராஃப்டரோடு நின்றேன். அன்று ரிப்பனைக் குத்தாமல் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மாண்ட்ரியல் சம்பவத்துக்குப் பின் கனடாவின் பெண்கள் அமைப்புகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லின: இது பைத்தியக்காரன் ஒருவனின் தனிச்செயல் என்று முடித்துவிடாதீர்கள், இதன் வேர் வீடுகளிலும் தெருக்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிறது என்று. 1991-இல் டிசம்பர் 6-ஐ நாடு தழுவிய நினைவு நாளாகக் கனடா நாடாளுமன்றம் அறிவித்தது. அதே ஆண்டு டொராண்டோவில், பெண்கள் மட்டுமே இதைப் பேசிக்கொண்டிருந்தால் போதுமா என்று சில ஆண்கள் கூடிப் பேசினார்கள். மைக்கேல் காஃப்மன், ஜாக் லேட்டன், ரான் ஸ்லூசர் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். லேட்டன் அப்போது நகர மன்ற உறுப்பினர். 2011-இல் நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவரான அதே லேட்டன்தான். இவர்கள் தொடங்கியதே வெள்ளை ரிப்பன் இயக்கம். ஆறு வாரங்களுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்கள் ரிப்பன் அணிந்தார்கள் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

இன்னொரு கிளை லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தது. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹீயோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர், பாட்ரியா, மினெர்வா, மரியா தெரெசா, 1960 நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டார்கள். 1981-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க, கரீபியப் பெண்கள் மாநாடு அந்த நாளைப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக அனுசரிக்க முடிவு செய்தது. 1991-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகளிர் தலைமைத்துவ மையத்தில் கூடிய பல நாட்டுப் பெண்கள், நவம்பர் 25 முதல் மனித உரிமை நாளான டிசம்பர் 10 வரை '16 நாள் இயக்கம்' என்று வகுத்தார்கள். டிசம்பர் 6 அதன் நடுவில் வருகிறது. 1999-இல் ஐ.நா. பொதுச்சபை நவம்பர் 25-ஐ ஏற்றுக்கொண்டது. 1919-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தொடங்கிய மகளிர் கிளப்பான ஸோண்டா, 2012-இல் தன் கிளைகள் அனைத்தையும் இதே நோக்கத்துக்காக ஓர் இயக்கமாகத் திரட்டியது. இன்று பல ஊர்களில் அந்தப் பதினாறு நாட்களில் கட்டடங்களுக்கு ஆரஞ்சு விளக்குப் போடுவதும் ஊர்வலம் போவதும் இப்படி வந்தவைதான்.

"ரிப்பன் குத்தினா அடிக்கிறவன் நிறுத்திடுவானா?" என்று நம் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ரிப்பனோடு நின்றுபோன இயக்கங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெரிதாக வளர்ந்த வெள்ளை ரிப்பன் அமைப்பு 2019-இல் பண நெருக்கடியால் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு வேறொரு அமைப்புதான் அதை எடுத்து நடத்த முன்வந்தது. ஆண்கள் ரிப்பன் குத்திக் கைதட்டு வாங்குகிறார்கள், அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் நடத்துகிறவர்களுக்கு யார் காசு கொடுப்பது என்று பெண்கள் அமைப்புகள் கேட்டதும் சரியே.

ஆனால் இந்த இயக்கங்கள் செய்த ஒரு வேலையை நான் மதிக்கிறேன். ஒன்றை அதன் சரியான பெயரால் அழைக்க அவை சொல்லிக்கொடுத்தன. மாண்ட்ரியல் நகரில் அந்த 14 பேரின் நினைவாக அமைந்த பூங்காவின் பலகை, நடந்ததைத் துயரச் சம்பவம் என்றே பல ஆண்டுகள் சொல்லி வந்தது. 2019-இல், முப்பது ஆண்டுகள் கழித்து, பலகையை மாற்றி, அது பெண்ணுரிமைக்கு எதிரான தாக்குதல் என்று எழுதினார்கள். நம் ஊரிலும் இதுதான் நடந்தது. 1998-இல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சேட்டையால் ஒரு கல்லூரி மாணவி படுகாயமுற்று இறந்தார். நாடே பேசியது. அவ்வாண்டே தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம். ஓர் உயிர் போன பிறகும் அதற்குப் பெயர் 'டீசிங்'தான், அதாவது கிண்டல்! 2002-இல்தான் அது பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாறியது.

நம் 'கலாட்டா' மட்டும் பெயர் மாறாமல் இருக்கிறது. சென்ற ஆண்டு நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒர்க்‌ஷாப் படிக்கட்டின் படத்தைப் போட்டு, "என்னா கலாட்டா பண்ணியிருக்கோம்!" என்று எழுதினார். வரிசையாகச் சிரிப்புப் படங்கள் விழுந்தன. இந்த முறை நான் சிரிக்கவில்லை. ஆனால் எதுவும் எழுதவும் இல்லை. அப்படியானால் மூன்றாவது வரியை நான் இன்னும் தாண்டவில்லை என்றுதானே அர்த்தம்? அதனால்தான் இந்தக் கட்டுரை.

சங்கத்திடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: யு.ஜி.சி. விதிகளின்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அக்குழுவினரின் பெயரும் போன் நம்பரும் ஒர்க்‌ஷாப் வாசல் உட்பட எல்லா இடங்களிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பலகைச் செலவு நம் பேட்ச்சுடையது. இரண்டு: மாண்ட்ரியல் பாலிடெக்னிக் 2014-இல், அந்த 14 பேரின் நினைவாகப் பொறியியல் மாணவி ஒருவருக்கு ஆண்டுதோறும் 'வெள்ளை ரோஜா' உதவித்தொகை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. நாமும் மெக்கானிக்கல் மாணவி ஒருவருக்கு ஆண்டுதோறும் கொடுப்போம். முதல் ஐந்து ஆண்டுத் தொகையை நான் தருகிறேன். மூன்று: சந்திப்பன்று மாலை மேடையேறிப் பழைய கதை பேசும் நண்பர்கள், படிக்கட்டுக் கதைகளைச் சிரிப்புக்காகச் சொல்ல வேண்டாம்.

இம்மலரின் பின்பக்கங்களில் நம் பேட்ச் முகவரிப் பட்டியல் இருக்கிறது. 59 பெயர்கள். படிப்பை முடித்தவர்தான் முன்னாள் மாணவர் என்பது சங்க விதி; ஆகவே அறுபதாவது பெயர் அதில் இடம்பெறவில்லை. அவரைக் கேட்காமல் அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கும் உரிமை இல்லை. எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டும். என்றாவது இம்மலர் அவர் கைக்குக் கிடைத்தால், அன்று தாழ்வாரத்தில் மூன்றடி தூரத்தில் நின்றவர்களில் ஒருவனாவது அதற்குக் கலாட்டா என்று பெயர் சொல்வதை நிறுத்திவிட்டான் என்று அவருக்குத் தெரியட்டும்.

நட்புடன்,
1986–90 அணி மாணவன்,
இயந்திரவியல் துறை